பழஞ்செல்வம் உடுத்தும் புத்தாடை

சென்ற ரமலானின் பிற்பாதியில், பெருநாள் துணி எடுப்பது பற்றிய பேச்சு வீட்டில் எழுந்தது. கல்லூரியில் பயிலும் என் தங்கை மகள் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். “எனக்கு இந்த மாதிரி வேணும், மாமா” என்றாள். திரையில் ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். வெளிறிய சந்தன நிறத்தில் ஒரு கம்பளிப் பின்னலாடை. அதே நிறத்தில் தளர்ந்த காற்சட்டை. காதில் சிறு முத்து. வாரி முடிந்த கூந்தல். ஆடையில் பூவேலை இல்லை, சரிகை இல்லை, செய்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. பின்னணியில் பழைய ஐரோப்பிய மாளிகை ஒன்று.

“இதற்கு என்ன பெயர்?” என்று கேட்டேன்.

“ஓல்டு மணி, மாமா. பரம்பரைப் பணக்காரங்க இப்படித்தான் உடுத்துவாங்களாம்.”

அருகில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த என் உம்மா எட்டிப் பார்த்தார்கள். “பெருநாளைக்கு ஏண்டி இப்படிச் சாயம் போன துணி?” என்று கேட்டார்கள். பெண்ணிடம் மறுமொழி இல்லை. எனக்கோ அக்கேள்வி தராவீஹ் முடிந்து வந்த பின்னும் மனத்தில் நின்றது.

இந்த மோகம் கொரோனா முடக்கத்தை ஒட்டிய ஆண்டுகளில் மேலைநாட்டு இளைஞரிடையே டிக்டாக் காணொளிகளின் வழியே பரவியது. 2023-இல் ‘ஓசையற்ற ஆடம்பரம்’ என்னும் மற்றொரு பெயரும் இதற்கு வாய்த்தது. இந்தியாவில் 2020-இல் டிக்டாக் தடைசெய்யப்பட்டது. ஆயினும் அலை இன்ஸ்டகிராம் வழியே நம் இல்லங்களுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. இதன் இலக்கணம் எளிது. நிறங்கள் அடங்கியவையாக இருத்தல் வேண்டும். துணி பருத்தி, லினன், பட்டு, கம்பளி என இயற்கை நாராக இருத்தல் வேண்டும். நிறுவனத்தின் முத்திரை வெளியே தெரியலாகாது. உடுத்தியவர் படகிலிருந்தோ டென்னிஸ் களத்திலிருந்தோ இப்போதுதான் திரும்பியவர்போல் தோன்றுதல் வேண்டும். நான்கு தலைமுறையாகச் செல்வம் இருப்பதால் அதனைக் காட்டிக்கொள்ளும் தேவையே இல்லாதவர் இவர் என்று பார்ப்பவர் எண்ணுதல் வேண்டும். அவ்வாறு எண்ணச் செய்வதற்கு என்னென்ன வாங்க வேண்டும் என்பதற்குப் பட்டியல் உண்டு; பட்டியலும் பருவந்தோறும் மாறும்.

பழமையைப் புதிதாக வாங்கிக்கொள்ளும் இம்முரண்பாட்டைச் சுட்டிச் சிரித்துவிட்டுப் போவது எளிது. 1899-இல் தார்ஸ்டீன் வெப்லன் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர், ஓய்வுடைய வகுப்பாரைப் பற்றி எழுதிய நூலில், செல்வர் பொருளை வாங்குவது பயன் கருதி மட்டுமன்று, பிறர் காண வேண்டும் என்பதற்காகவும் என விரித்துரைத்தார். காட்டாதிருத்தலையும் ஒரு காட்சியாக்கலாம் என்பது அவர் கொள்கைக்குள் அடங்கிவிடும் செய்திதான். ஆகவே அதில் நான் நிற்கவில்லை. எனக்கு வியப்பளித்தது வேறொன்று. இவ்வலையினர் தமக்கு முன்மாதிரியாகக் கொள்ளும் படங்களுள் பல கதைகளிலிருந்து வந்தவை: சில நாவல்கள், அவற்றிலிருந்து எடுத்த திரைப்படங்கள், ஒரு தொலைக்காட்சித் தொடர். அக்கதைகளை நான் அறிவேன். அவற்றுள் ஒன்றுகூட இந்த உடையைப் புகழ எழுந்ததன்று. கதையைக் கீழே போட்டுவிட்டுச் சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு நடக்கும் இத்தகைய வாசிப்பை இதற்குமுன் நான் கண்டதில்லை.

முதலில் ‘தி டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி’. பாட்ரிசியா ஹைஸ்மித் 1955-இல் எழுதிய நாவல். 1999-இல் ஆண்டனி மிங்கெல்லா இதனைத் திரைப்படமாக்கினார். இத்தாலியக் கடற்கரையும் வெண்ணிறக் காற்சட்டையும் பின்னல் சட்டையுமாக அப்படத்தின் காட்சிகள் இன்று ஆடை விளம்பரங்கள்போல் சுற்றி வருகின்றன. கதை யாது? நியூயார்க்கில் சிறு மோசடிகளால் காலம் தள்ளும் டாம் ரிப்ளி, கப்பல் கட்டும் செல்வர் ஒருவரின் மகனை இத்தாலியிலிருந்து அழைத்துவர அனுப்பப்படுகிறான். அம்மகன் டிக்கியின் வாழ்வைக் கண்டு மயங்குகிறான். ஒருநாள் டிக்கியின் உடைகளை அணிந்து, கண்ணாடி முன் நின்று, அவனைப்போலவே நடித்துப் பார்க்கிறான். டிக்கி உள்ளே வந்து கண்டுவிடுகிறான். பின்னர் ஒரு படகில் துடுப்பால் அடித்து அவனைக் கொன்று, அவனுடைய உடை, மோதிரம், பெயர் யாவற்றையும் தனதாக்கிக்கொள்கிறான். பிறன் உடையை அணிந்தால் பிறனாகிவிடலாம் என்னும் ஆசை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதே ஹைஸ்மித் எடுத்துக்கொண்ட பொருள். கண்ணாடி முன் நிற்கும் காட்சியை இன்று கைப்பேசிகள் மறுபடியும் மறுபடியும் நடிக்கின்றன. கொலையை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

அடுத்தது, 1925-இல் வெளிவந்த ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’. வட டகோட்டாவின் ஏழை உழவர் மகன் ஜேம்ஸ் கேட்ஸ், தன் பெயரை ஜே கேட்ஸ்பி என மாற்றிக்கொண்டு, மதுவிலக்குக் காலத்துக் கள்ள வாணிபத்தில் பெரும்பொருள் ஈட்டுகிறான். முன்பு தான் இழந்த டெய்சியை மீண்டும் பெறும் ஆசையால், அவள் வீட்டுக்கு எதிரே விரிகுடாவின் இக்கரையில் மாளிகை வாங்குகிறான். அவள் வந்தபோது, இங்கிலாந்திலிருந்து பருவந்தோறும் தனக்கு வரும் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் எறிகிறான். அக்குவியலில் முகம் புதைத்து அவள் அழுகிறாள். புதுப்பணக்காரனின் அசட்டுத்தனம் என்று இக்காட்சியைப் படித்து நகைப்போர் உண்டு. எனக்கு அது நகைப்புக்குரியதாகப் பட்டதே இல்லை. ஐந்தாண்டு ஏக்கத்தைச் சொல்வதற்கு அவனிடம் வேறு மொழி இல்லை.

டெய்சியின் கணவன் டாம் புக்கானன்தான் அக்கதையில் பழஞ்செல்வத்தின் உருவம். யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றவன். போலோ குதிரைகளை ஓட்டிக்கொண்டு ஊர் மாறுபவன். திருமணத்திற்கு முதல்நாள் மணமகளுக்கு 350,000 டாலர் மதிப்புள்ள முத்துமாலை அளித்தவன். கேட்ஸ்பி ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவன் என்று ஒருவர் சொன்னபோது, இளஞ்சிவப்பு உடை அணிகிறவனா அங்கே படித்தவன் என்று எள்ளுகிறான். துணியின் நிறத்தைக் கொண்டு மனிதனை அளக்கும் இவன்தான், தன் காதற்கிழத்தியின் மூக்கை ஓர் அறையில் உடைத்தவன். முடிவில் கேட்ஸ்பியின் சாவுக்கும் வழிகாட்டிவிட்டு, மனைவியோடு ஊரை விட்டுப் போய்விடுகிறான். கேட்ஸ்பியின் விருந்துகளில் நூற்றுக்கணக்கானோர் உண்டு களித்தனர். அவனை அடக்கம் செய்த நாளில் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கதை சொல்பவனாகிய நிக், தானும் வசதியான பழங்குடும்பத்தில் பிறந்தவன். அவனே, அக்கூட்டத்தார் எல்லாரும் சேர்ந்தாலும் கேட்ஸ்பிக்கு ஈடாகமாட்டார்கள் என்று அவனிடம் சொல்லிப் பிரிகிறான். ஃபிட்ஸ்ஜெரால்டின் தராசு எப்பக்கம் சாய்ந்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

மூன்றாவது, 2018 முதல் 2023 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘சக்ஸெஷன்’ தொடர். ஓசையற்ற ஆடம்பரம் என்னும் பேச்சு ஊரெங்கும் எழுந்ததற்கு அத்தொடர் பெரிதும் காரணம். முத்திரை ஏதுமற்ற ஒரு தொப்பிக்கு நூற்றுக்கணக்கான டாலர் விலை என்பதையே அதன் பின்னர்தான் பலர் அறிந்தனர். அக்குடும்பத்தின் தலைவர் லோகன் ராய், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் எளிய நிலையில் பிறந்து தாமே பொருள் ஈட்டியவராகக் காட்டப்படுகிறார். பழஞ்செல்வத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும் வீட்டில் செல்வத்தின் வயது ஒரு தலைமுறை! அதன் நான்காம் பருவத்தில் ஒரு பிறந்தநாள் விருந்து வருகிறது. உறவினன் ஒருவன் அழைத்துவந்த பெண், பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் பெரிய கைப்பையை ஏந்தி வருகிறாள். வீட்டு மருமகன் டாம் அதைக் கண்டு, அதனுள் என்னென்ன வைத்திருப்பாள் என்று அடுக்கி அடுக்கி இகழ்கிறான். அப்பெண் செய்த பிழை யாது? தன்னிடம் உள்ளவற்றுள் நல்லதொரு பையை விருந்துக்கு எடுத்து வந்தாள். அவ்வளவே. (டாம்களுக்கும் இத்தொழிலுக்கும் என்ன பொருத்தமோ! இந்த டாமும் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரிலிருந்து வந்து செல்வர் வீட்டில் பெண்ணெடுத்தவன். ஃபிட்ஸ்ஜெரால்ட் பிறந்ததும் அதே நகரில்.) அக்காட்சியை எழுதியோர் டாமின் சிறுமையைக் காட்டவே எழுதினர். பார்த்தவர்களிடையே எழுந்த பேச்சோ, எத்தகைய பை ஏற்கத்தக்கது என்பதைப் பற்றியதாயிற்று.

தொலைதூர நாட்டுக் கதைதானே என்று இதனைத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. நம் ஊர்க் கல்யாண வீடுகளில் இக்காட்சியை நான் கண்டிருக்கிறேன். வளைகுடாவில் பத்தாண்டு வெயிலில் நின்ற ஒருவரின் மனைவி, வாழ்வில் முதன்முறையாகக் கைநிறைய வளையல் அணிந்து பந்தலுக்கு வருகிறார். மூன்று தலைமுறையாகத் தோப்பும் கடையும் உள்ள வீட்டுப் பெண்மணி ஒற்றைச் சங்கிலியோடு அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் இருப்பவரிடம் மெல்ல ஒரு சொல் சொல்கிறார், இருவரும் புன்னகைக்கின்றனர். வளையல் அணிந்தவருக்கு அச்சொல் கேட்டிருக்காது, புன்னகை தெரிந்திருக்கும். அன்று அப்பந்தலில் எளிமையாக வந்தவர் யார் என்று கேட்டால், எல்லாரும் ஒற்றைச் சங்கிலிக்காரரைச் சுட்டுவர். நான் சுட்டமாட்டேன். என் தங்கை மகள் சந்தன நிற ஆடை உடுத்துவதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் புன்னகையையும் சேர்த்துக் கற்றுக்கொள்வாளோ என்பதே அச்சம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழங்குடியினர்க்கே உரியது எனப்படும் இந்த அடக்கமான உடையை ஆக்கியவர்கள் பெரும்பாலும் பழங்குடியினர் அல்லர். ஆடவர் உடையிலிருந்து பட்டையும் சரிகையையும் நீக்கி, கருநிற மேலங்கி, தூய வெள்ளைச் சட்டை, கஞ்சியிட்டுக் கட்டிய கழுத்துத்துணி என எளிமைப்படுத்திய ஜார்ஜ் பிரம்மெல் (1778–1840) பிரபுக் குலத்தவர் அல்லர். அமைச்சர் ஒருவரின் செயலாளருக்குப் பிறந்தவர். அந்த எளிமையை உடுத்தி முடிக்க அவருக்கு நாள்தோறும் மணிக்கணக்கில் ஆகும். 1816-இல் கடனுக்கு அஞ்சிப் பிரான்சுக்கு ஓடி, கான் நகரில் மனநோயாளர் விடுதி ஒன்றில் இறந்தார். நம் காலத்தில் இந்தப் பாணியை உலகெங்கும் கொண்டு சேர்த்த ரால்ஃப் லாரன், 1939-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், வீடுகளுக்கு வண்ணம் பூசிய யூதக் குடியேறி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பிறந்தபோது அவர் குடும்பப் பெயர் லிஃப்ஷிட்ஸ். 1967-இல் கழுத்துப்பட்டைகள் விற்கத் தொடங்கி, அதற்குப் ‘போலோ’ என்று பெயரிட்டார். 1974-இல் ‘கேட்ஸ்பி’ படமானபோது ஆண் நடிகர்களின் உடைகளை அளித்தவரும் அவரே. பெயரை மாற்றிக்கொண்ட ஒருவனின் கதைக்குப் பெயரை மாற்றிக்கொண்ட ஒருவர் உடை தைத்தார். இதில் இழிவு ஒன்றுமில்லை. உழைத்து உயர்ந்தவர் அவர். பாய்மரப் படகில் அமர்ந்த கென்னடியின் படத்தைப் பழஞ்செல்வத்தின் உச்சமாகக் காட்டுவோரும், அவருடைய கொள்ளுத்தாத்தா அயர்லாந்திலிருந்து வந்த பீப்பாய்த் தொழிலாளி என்பதையும், தாத்தா பாஸ்டனில் மதுக்கடை நடத்தியவர் என்பதையும் நினைப்பதில்லை.

இனித் துணிக்கு வருவோம். இங்கேதான் கதை எதிர்பாராத விதமாக நம் கரைக்கு வந்து சேர்கிறது. இப்பாணியின் பிறப்பிடங்களுள் அமெரிக்கக் கிழக்குக் கரையின் பழம் பல்கலைக்கழகங்கள் தலையாயவை. டாம் புக்கானன் பயின்ற யேலும் அவற்றுள் ஒன்று. அதற்கு அப்பெயரை வழங்கிய எலிஹு யேல், கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராகச் சென்னைக்கு வந்து, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். பதவியைத் தம் சொந்த வாணிபத்துக்குப் பயன்படுத்தினார் என்னும் குற்றச்சாட்டுகளுக்கிடையே நீக்கப்பட்டவர். பெருஞ்செல்வத்தோடு இங்கிலாந்து திரும்பிய அவர், 1718-இல் கனெக்டிகட் குடியேற்றத்திலிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு 417 நூல்களும், அரசர் முதலாம் ஜார்ஜின் ஓவியம் ஒன்றும், ஒன்பது பொதிச் சரக்கும் அனுப்பினார். அப்பொதிகளை விற்று 562 பவுன் கிடைத்தது. நன்றிக்கடனாகக் கல்லூரிக்கு அவர் பெயரைச் சூட்டினர். அமெரிக்கப் பழஞ்செல்வத்தின் தலைவாயில்களுள் ஒன்றிற்குப் பெயர்ப்பலகை, சென்னையில் சேர்த்த பணத்தால் எழுதப்பட்டது.

அக்கல்விக்கூடங்களில் கோடைக்காலத்தில் மாணவர் விரும்பி அணிந்த கட்டம்போட்ட பருத்தித் துணிக்கு இன்றும் ‘மெட்ராஸ்’ என்றே பெயர். 1958-இல் நடந்ததாக, பின்னாளில் லீலா விடுதிகளை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயர் சொல்லிய நிகழ்ச்சி சுவையானது. வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க இறக்குமதியாளர் அவரிடம் இத்துணியைப் பெருமளவில் வாங்கினார். சாயம் கரையும், தண்ணீரில் மெல்ல அலச வேண்டும் என்று சொல்லி அனுப்பியும், அவர் அதனை வாங்கிய புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குச் சொல்லவில்லை. 1818-இல் தொடங்கிய பழம்பெரும் கடை அது. வாங்கிய கனவான்கள் துவைக்கப் போட்டனர், சாயம் ஓடிற்று, வழக்குமன்றம் வரை பேச்சு எழுந்தது. பிறகு விளம்பர வல்லுநர்கள் குறையையே குணமாக்கினர். சாயம் கரையும் என்பதே உறுதிமொழியாகத் துணி விற்கப்பட்டது. ஒவ்வொரு துவைப்பிலும் நிறம் மங்கி ஒன்றோடொன்று கலந்த சட்டை, பல கோடைகளைக் கண்ட குடும்பத்தின் அடையாளமாயிற்று.

என் தங்கை மகளின் கைப்பேசியில் அத்தகைய மேற்சட்டை ஒன்று அகப்பட்டது. உம்மாவிடம் காட்டினேன். “இது உங்க வாப்பா கைலியாச்சே” என்றார்கள்.

உம்மா சொன்னதில் வரலாற்றுப் பிழை இல்லை. சோழமண்டலக் கரையின் கட்டத் துணிகள், மேலைநாட்டார் அவற்றை அறிவதற்கு முன்பிருந்தே கிழக்கே மலாய் நாட்டுத் துறைமுகங்களுக்குச் சென்றவை. அவ்வாணிபத்தில் நம் முன்னோர் முன்நின்றனர். பழவேற்காட்டுத் துறைமுகத்தின் பெயரால்தான் மலேசியாவில் கட்டம்போட்ட கைலியை இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்கின்றனர். ஒரே தறியின் துணி. அங்கே அது மேற்சட்டையானால் பரம்பரை. இங்கே இடுப்பில் இருந்தால் கைலி. அங்கே சாயம் போனால் பெருமை. இங்கே சாயம் போன கைலி அடுப்படித் துணியாகும். பழமையும் மேன்மையும் நூலிலோ நிறத்திலோ இல்லை, அதை உடுத்தியவரைப் பற்றி நாம் முன்னமே கொண்ட எண்ணத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

நேர்மையாகச் சொன்னால், இவ்வலையில் நல்ல கூறுகளும் உண்டு. மார்பில் நிறுவனத்தின் பெயரை எழுதிக்கொண்டு கூலியின்றி விளம்பரம் செய்யும் வழக்கத்தை இது மறுக்கிறது. நல்ல துணியை வாங்கி நெடுநாள் உடுத்துக என்கிறது. கிழிந்ததைத் தைத்து அணிவதும் அழகே என்கிறது. உண்மையில் அவ்வாறே நடப்போர் சிலரும் இருக்கக்கூடும். ஆயினும் ஒன்றை நெடுநாள் வைத்திருப்பதைச் சரக்காக்கி விற்க இயலாது. விற்கக்கூடியது, நெடுநாள் வைத்திருந்ததுபோன்ற தோற்றம் மட்டுமே. அத்தோற்றத்துக்கு யார் விலை கொடுக்கின்றனர் என்பதையும் பார்த்தல் வேண்டும். பெருநாட்டின் மலைப்பகுதிகளில் வாழும் விக்குன்யா என்னும் விலங்கின் மென்மயிர் இப்பாணியின் மணிமுடி. இத்தாலியின் லோரோ பியானா நிறுவனம் அதிலிருந்து செய்யும் பின்னலாடை ஒன்று ஏறத்தாழ 9,000 டாலருக்கு விற்பதாகவும், அவ்வாடைக்கு வேண்டிய மயிருக்காக லூக்கானாஸ் மலைக்கிராமத்தார் பெறுவது ஏறத்தாழ 280 டாலர் என்றும் 2024-இல் ப்ளூம்பெர்க் இதழ் எழுதிற்று. 2025 ஜூலையில், துணை ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளர் சுரண்டப்படுவதைத் தடுக்கத் தவறியதாகக் கூறி, மிலான் நீதிமன்றம் அந்நிறுவனத்தை ஓராண்டுக்கு நீதித்துறைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. ஆடம்பரத்துக்கு ஓசை இல்லாமல் இருக்கலாம். அந்தப் பட்டறைகளின் தையல் எந்திரங்களுக்கு ஓசை உண்டு.

நல்லாடை விரும்புதல் தவறோ என்னும் வினா நமக்குப் புதிதன்று. தன் உடையும் காலணியும் அழகாயிருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புவது பெருமையடித்தல் ஆகுமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டதையும், அவ்விருப்பத்தை அவர்கள் குற்றமாகக் கொள்ளாமல், உண்மையை மறுப்பதிலும் மக்களை இழிவாகக் கருதுவதிலுமே பெருமை இருக்கிறது என விளக்கியதையும் ஸஹீஹ் முஸ்லிம் வழியாக நாம் அறிவோம். அந்த அளவுகோலின்படி, இளஞ்சிவப்பு உடை அணிந்த கேட்ஸ்பியிடம் பெருமை குறைவு. குதிரைச்சவாரி உடையில் நின்ற டாமிடம் அது நிறைந்து கிடக்கிறது.

தமிழும் இதே திசையில்தான் பேசுகிறது. நாகரிகம் என்றால் இன்று நமக்கு உடையும் நடையும் நினைவுக்கு வரும்; துணிக்கடை விளம்பரங்கள் அச்சொல்லைத் தேய்த்துவிட்டன. வள்ளுவர் அச்சொல்லை ஆண்ட இடம் கண்ணோட்டம் என்னும் அதிகாரம். பிறர் மனம் நோகாமல் நடத்தலைப் பற்றிய பகுதி அது. ஆடையைப் பற்றிய பேச்சே அங்கில்லை. சொல்லின் பொருள் எவ்வளவு தொலைவு வந்துவிட்டது!

இந்தப் பொருளில் நாகரிகம் இன்னதென்று காட்டிய மேனாட்டு நாவல் ஒன்றைச் சொல்லி முடிக்கலாம். எடித் வார்ட்டனின் ‘தி ஏஜ் ஆஃப் இன்னசென்ஸ்’ 1920-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. ஆசிரியையே நியூயார்க்கின் பழங்குடும்பம் ஒன்றில் 1862-இல் பிறந்தவர். 1870-களில் தாம் கண்ட சமூகத்தை முதுமையில் நினைந்து எழுதினார். வெளியிலிருந்து பொறாமையால் எழுதியவர் என்று அவரை எவரும் சொல்ல முடியாது. 1993-இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி எடுத்த படத்துக்கு உடையமைப்பிற்காக ஆஸ்கர் விருதும் கிடைத்தது. எனவே அதன் படங்களும் இவ்வலையில் மிதக்கின்றன.

அந்நாவலில் ஒரு விருந்தின்போது முதிய பெண்மணிகள் பேசிக்கொள்கின்றனர். பாரிஸிலிருந்து வந்த புத்தாடையை உடனே உடுத்துவது தம் இளமையில் கீழ்மையாகக் கருதப்பட்டது என்றும், பாஸ்டனில் அவற்றை ஈராண்டு பெட்டியில் வைத்துவிட்டே அணிவர் என்றும் ஒருத்தி நினைவுகூர்கிறாள். பழஞ்செல்வப் பாணியின் முழு இரகசியமும் அந்த ஈராண்டில் இருக்கிறது. வாங்குவது பாரிஸில்தான், விலையும் குறைவன்று. பெட்டியின் இருளில் சற்றே பழசானால் போதும். வார்ட்டன் இதை எழுதுகையில் முகத்தில் சிரிப்பே இல்லாமல் எழுதுகிறார். அதனால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

அந்தச் சமூகத்துக்குள், ஐரோப்பியப் பிரபு ஒருவனை மணந்து துன்புற்ற எல்லன் ஓலென்ஸ்கா திரும்பி வருகிறாள். அவள் உடை ஊர்வழக்குக்கு மாறானது. குடியிருக்கும் தெருவும் மதிப்பில்லாதது. அவள் வீட்டுக்கு முதன்முறை செல்லும் நியூலண்ட் ஆர்ச்சர், மெல்லிய குடுவையில் இரண்டே ரோஜாக்கள் இருப்பதைக் காண்கிறான். அம்மலரைப் பன்னிரண்டுக்குக் குறைய யாரும் வாங்குவதில்லை என்பது ஊர்வழக்கம். நாவலின் பிற்பகுதியில் இதே எல்லனுக்கு ஆர்ச்சரின் மனைவி மே பிரிவு விருந்து அளிக்கிறாள். மலர்களும் மெழுகுவர்த்திகளும் உணவும் உரையாடலும் குறைவற அமைந்த விருந்து. எவரும் குரலை உயர்த்தவில்லை. எல்லனை ஊரைவிட்டு அகற்ற எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டனர் என்பதும், அதற்காகவே இவ்வளவு அன்பாகப் பேசுகின்றனர் என்பதும் மேசையின் ஒரு முனையில் அமர்ந்த ஆர்ச்சருக்கு மெல்லப் புலப்படுகிறது. நான் படித்த நாவல்களில் இதைவிட அழகாக நடந்த விருந்தும் இல்லை, கொடுமையான விருந்தும் இல்லை.

ஆனால் எல்லனைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது ரோஜாவும் அன்று, விருந்தும் அன்று. நாவலின் நடுவே சில வரிகளில் வந்து போகும் ஒரு செய்தி. நெட் வின்செட் என்பவன் ஏழைப் பத்திரிகையாளன்; எல்லன் வாழும் தெருவில் குடியிருப்பவன். அவனுடைய சிறுமகன் பூனைக்குட்டியைத் துரத்தி ஓடி, விழுந்து காயம்பட்டுக்கொள்கிறான். அக்காலத்தில் தலையில் தொப்பியின்றித் தெருவில் வருவது பெருங்குடிப் பெண்களுக்கு நினைக்கவும் கூடாதது. எல்லன் வெறுந்தலையோடு பையனைத் தூக்கிக்கொண்டு வின்செட்டின் வீட்டுக்குள் ஓடி வருகிறாள். அவன் முழங்காலில் அவளே கட்டிய கட்டு இருக்கிறது. அவள் என்ன ஆடை உடுத்தியிருந்தாள் என்று வின்செட் ஆர்ச்சரிடம் சொல்லவில்லை. அவள் காட்டிய பரிவையும் அழகையும் கண்டு திகைத்த அவன் மனைவி, வந்தவரின் பெயரைக் கேட்கவும் மறந்துவிட்டாள் என்று மட்டும் சொல்கிறான்.